ஊர் பேசித் தீர்த்த பிறகு என்னிடம் வருகிறவர்கள்

பாலிதீன் பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த இருபது ரூபாய் முத்திரைத்தாளை அந்தப் பெண் என் மேஜைமேல் வைத்தபோது, விரிக்காமலேயே உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்று முதல் எங்களுக்குள் கணவன் மனைவி என்ற உறவு கிடையாது, ஒருவர் வாழ்க்கையில் இன்னொருவர் தலையிட மாட்டோம், அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம். கீழே இரண்டு பேர் கையெழுத்து, ஊர்த் தலைவர் கையெழுத்து, நாலு சாட்சி. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கடற்கரையில் எந்த ஊரிலிருந்து வந்தாலும் வாசகம் பெரிதாக மாறாது.

(இங்கே நான் சொல்லப்போகிறவர்களின் அடையாளம் தெரியாமலிருக்க ஊர், வயது, தொகை எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். சட்ட விவரங்களை மாற்றவில்லை.)

அந்தப் பெண் பிரிவதற்காக என்னிடம் வரவில்லை. பிரிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஊர்க்கூட்டத்தில் பேசி, நகையைத் திருப்பி வாங்கி, அத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து இன்னொருவரைக் கல்யாணம் செய்து ஒரு பையனும் பிறந்துவிட்டான். அந்த இரண்டாவது கணவர் படகில் தவறி விழுந்து இறந்துபோனார். நிவாரணத் தொகைக்காக வாரிசுச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீஸுக்குப் போனபோது, இறந்தவரின் அண்ணன் இதே முத்திரைத்தாளின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து, இவள் முதல் புருஷனைக் கோர்ட்டில் ரத்து செய்யவில்லை, அதனால் என் தம்பிக்கு இவள் மனைவியே இல்லை என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டார். ஊருக்கே தெரிந்த கல்யாணம். அந்த அண்ணனே முன்னால் நின்று நடத்திய கல்யாணம்! ஆனால் சட்டப்படி அவர் சொன்னது சரி. இந்து திருமணச் சட்டம் 29வது பிரிவு வழக்கப்படியான மணமுறிவைக் காப்பாற்றுகிறது, உண்மைதான். ஆனால் அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமுதாயத்தில் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்து வருகிறது என்று நாம்தான் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். விஷயம் கோர்ட்டுக்கு வந்தபோது பெரியவர்கள் கூண்டில் ஏறி "காலங்காலமா இப்படித்தான் தீத்து விடுறோம்" என்றார்கள். யாருக்கு, எந்த வருடம், ஏதாவது பதிவு இருக்கிறதா என்று எதிர்த்தரப்பு கேட்டபோது பதில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற பங்கு கிடைக்கவில்லை. 16வது பிரிவு இருந்ததால் பையன் தப்பித்தான். திருமணம் செல்லாது என்றாலும் அதில் பிறந்த பிள்ளை சட்டப்படியான பிள்ளைதான். பணம் அவனுக்கும் பாட்டிக்கும் சரிபாதியாகப் போனது. அத்தனை வருடம் அந்த வீட்டில் மீன் அறுத்த பெண் கையெழுத்துப் போட்டது மைனரின் காப்பாளர் என்ற இடத்தில்.

அன்றிலிருந்து யார் வந்து "வக்கீலம்மா, ஊர்ல பேசித் தீத்தாச்சு" என்று சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அதைக் கோர்ட்டில் பதிந்தீர்களா? ஊர் பேசுவதை நான் குறைவாக நினைக்கவில்லை. சில ஊர்த் தலைவர்கள் நகைக் கணக்கை உட்கார்ந்து தீர்க்கிற நேர்த்தி எங்களுக்கே வராது. ஆனால் அந்தப் பேச்சு அந்த ஊருக்குள் மட்டும்தான், அந்தத் தலைமுறை இருக்கும்வரைதான் நிற்கும். ஊரில் முடிந்த அதே நிபந்தனைகளை அப்படியே எடுத்துக்கொண்டு இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்கீழ் இருவரும் சேர்ந்து மனுப் போட்டால் போதும். ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டு ஆறு மாதத்துக்குப் பிறகு, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் வந்து எங்கள் முடிவு மாறவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீண்ட நாள் பிரிந்திருக்கிறார்கள், ஜீவனாம்சமும் பிள்ளை விஷயமும் பேசி முடிந்துவிட்டது, இனிச் சேர வழியில்லை என்று காட்டினால் கேட்டுப் பார்க்கலாம். இதில் எல்லோரும் சறுக்குகிற இடம், தீர்ப்பு வருகிற நிமிடம் வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது. முதல் வாய்தாவிலேயே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, அப்புறம் எதிராளி வராமல் போய் நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முழு நகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏமாந்த பெண் வீட்டாரும் உண்டு. பாதியை மனுப் போடும்போதும் மீதியை இறுதி வாக்குமூலம் கொடுக்கும் அன்று நீதிபதி முன்னாலேயே டிடியாகவும் கொடுங்கள். நகையை எடை, வகை எழுதிப் பட்டியலாக மனுவோடு சேருங்கள். "சீர்வரிசைப் பொருட்கள் அனைத்தும்" என்று எழுதினால் அந்த "அனைத்தும்" பின்னால் சண்டையாக வந்து நிற்கும்.

நம் கடற்கரையில் மூன்று மதத்தாரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருக்கிறோம், பக்கத்து வீட்டில் நடந்தது நமக்கும் நடக்கும் என்று நம்பிவிடுகிறோம். தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு 1869ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டம். 2001ல் திருத்தம் வருகிறவரைக்கும் புருஷன் வேறு தொடர்பு வைத்திருந்தான் என்பது மட்டும் காட்டி அவள் விவாகரத்து வாங்க முடியாது, அதோடு கொடுமையோ கைவிட்டதோ சேர்ந்து இருக்க வேண்டும் என்று இருந்தது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பிய முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. இப்போது இருவர் சம்மதத்தோடு பிரிய 10ஏ பிரிவு இருக்கிறது, சட்டத்தில் எழுதியிருக்கிற காலம் இரண்டு வருடம். இன்னொன்று, கோயிலில் மேற்றிராசனம் (ஆயரின் மறைமாவட்டம்) வழியாகத் திருமணம் செல்லாது என்று வாங்கி வருகிற தீர்ப்பு கோயிலுக்குள் மறுமணம் செய்யத்தான். அரசாங்கத்துக்கு அது விவாகரத்து ஆகாது. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு இடத்திலும் போக வேண்டும். அதே மாதிரி ஜமாஅத்தில் குலா (மனைவி கேட்டுப் பெறுகிற மணமுறிவு) எழுதி வாங்கி வருகிற முஸ்லிம் பெண்களிடம், ஷரீஅத் கவுன்சில் மாதிரியான அமைப்புகள் தருகிற குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்கிறேன். ஒரே மூச்சில் மூன்று தலாக் சொன்னால் அது செல்லாது, 2019 சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் அவர்களுக்கு 1939லேயே ஒரு நல்ல சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்காத கணவன், நாலு வருடம் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத கணவன், இந்தக் காரணங்களுக்கே அதன்கீழ் அந்தப் பெண் மணமுறிவு கேட்கலாம்.

நான் 1999ல் வக்கீலாகப் பதிவு செய்தேன். மதுரை சட்டக்கல்லூரியில் படித்துவிட்டு இராமநாதபுரத்தில் ஒரு சீனியரிடம் சேர்ந்தபோது குடும்ப வழக்கு நடத்த வேண்டும் என்று எந்த எண்ணமும் இல்லை. சீனியர் நிலத் தகராறுகளில் கெட்டிக்காரர். ஆனால் ஆபீஸுக்கு வருகிற பெண்கள் அவரிடம் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொல்வார்கள். கட்டிலில் நடந்ததை, மாமனார் கை நீண்டதை, குழந்தை இல்லாததற்கு உண்மையான காரணத்தை ஓர் ஆணிடம் எப்படிச் சொல்வார்கள்? மெதுவாக அந்தக் கட்டுகள் எல்லாம் என் மேஜைக்கு வந்துவிட்டன. அப்போது எச்எம்ஓபி என்கிற இந்து திருமண மனுக்கள் எல்லாம் சப் கோர்ட்டில். உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும் என்றால் சென்னைக்கு ராத்திரி ரயில். 2004 ஜூலையில் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறந்தபோது நான் பட்ட சந்தோஷத்தை இப்போது வருகிற ஜூனியர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ஒரு மீனவப் பெண் காலையில் பஸ் ஏறிப்போய்த் தன் வழக்கைப் பார்த்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து உலை வைக்கலாம் என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

சீனியர் எனக்குக் கொடுத்த ஒரு பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. முதல் நாள் மனு எழுதாதே என்பார். முதல் நாள் அவர்கள் அழட்டும், திட்டட்டும், தேதி கேட்காதே, குறுக்கே பேசாதே, வக்காலத்திலும் கையெழுத்து வாங்காதே. ஒரு வாரம் கழித்து வரச் சொல். இரண்டாவது தடவை தேதி, ஊர், யார் கூட இருந்தார்கள், பில் இருக்கிறதா என்று கேள். முதல் நாள் "டைவர்ஸ் வேணும்" என்று வந்தவர்களில் கணிசமானவர்கள் இரண்டாம் தடவை வேறு ஒன்றைக் கேட்பார்கள். தனிக்குடித்தனம், அடகில் இருக்கிற தாலிச் சங்கிலி, குடியை விட வைக்க ஒரு வழி, அல்லது பிள்ளை ஸ்கூல் பீஸ். டைவர்ஸ் என்பது அவர்களுக்குத் தெரிந்த ஒரே சட்ட வார்த்தை, அதனால் அதைச் சொல்கிறார்கள். இரண்டாம் தடவையும் அதையேதான், அழாமல், கேட்கிறார்கள் என்றால் அப்போது நான் பேனாவை எடுப்பேன். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, 13வது பிரிவின்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை கிடையாது, நீதிமன்றம் அனுமதித்தால்தான். நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடும், ஆனால் நீதிபதி உங்களையே நேராகப் பார்த்துக் கேட்பார். அதனால் என் கட்சிக்காரர்களுக்கு அவர்கள் மனுவை நான் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டுகிறேன். தன் மனுவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிறவருக்கு முதல் கேள்வியிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இனி ஜீவனாம்சம். இந்தக் கடற்கரையில் நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது இங்கேதான். மதுரையில் எதிராளி கம்பெனியில் வேலை பார்ப்பான், சம்பளச் சீட்டு இருக்கும், பிடித்தம் போகக் கணக்குப் போடலாம். இங்கே விசைப்படகில் போகிறவனுக்கு என்ன சம்பளச் சீட்டு? டீசல், ஐஸ், ரேஷன் செலவு போக மிச்சத்தில் படகு முதலாளிக்குப் பங்கு, ஆட்களுக்குப் பங்கு. நல்ல பாடு கிடைத்த அன்று கைநிறையப் பணம், இல்லாத அன்று கடன். கோர்ட்டில் நின்று "ஐயா, நான் கூலி, மாசம் அஞ்சாயிரம் வந்தா பெருசு" என்பான். அவன் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். 2020ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு பேரும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகப் போட வேண்டும் என்றும், ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பத்திரத்தில் எதிராளி விடுகிற இடத்தை நிரப்புவதுதான் எங்கள் வேலை. படகு யார் பெயரில் பதிவு, மானிய டீசல் யார் பெயரில் வருகிறது, கடலுக்குப் போக மீன்துறையில் வாங்கிய டோக்கன் எத்தனை நாளுக்கு, வியாபாரியிடம் முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறான் (கூலி ஆளுக்கு யாரும் லட்சக்கணக்கில் முன்பணம் தரமாட்டார்கள்), போனில் வந்த ஜிபே வரவு. இவற்றில் இரண்டு கிடைத்தாலே அந்த ஐயாயிரம் கதை நிற்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் ஜீவனாம்சம் வராது. நான் எடுத்த வழக்குகளில் ஒவ்வொரு வருடமும் நிற்பது இந்த இரண்டு மாதம்தான், சரியாகப் பள்ளிக்கூடச் செலவு வருகிற நேரம். அதனால் இப்போது சமரசம் பேசும்போதே, தடைக்காலத்துக்கான தொகையை மார்ச் மாதத்துக்குள் முன்னதாகக் கட்டிவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். அதற்காக மாதத் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் சொல்வேன். கிடைக்காத நாலாயிரத்தைவிடக் கைக்கு வருகிற மூவாயிரத்து ஐந்நூறு பிள்ளைக்குச் சோறு போடும்.

பெண்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பாம்பன் பக்கத்துத் தீவுகளில் பாசி எடுக்கப் போகிற பெண்கள், கருவாடு போடுகிறவர்கள், நண்டு கம்பெனிக்குப் போகிறவர்கள், மனுவில் "எனக்கு எந்த வருமானமும் இல்லை" என்று எழுதச் சொல்வார்கள். யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எழுதாதீர்கள். மனைவி சம்பாதிக்கிறாள் என்ற ஒரே காரணத்தால் ஜீவனாம்சம் மறுக்கப்படாது, அது அவள் வாழப் போதுமா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் கையில் பாசி எடுத்த தழும்போடு கூண்டில் நின்று வேலைக்கே போகவில்லை என்று சொன்னால், அவள் சொன்ன மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து போய்விடும்.

என் தப்பு ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மாதம் 2,500 ரூபாய் உத்தரவு வாங்கிய ஒரு பெண். அவன் கொடுக்கவில்லை. நான் வேறு வழக்குகளில் மும்முரமாக இருந்தேன். மாசாமாசம் மனுப் போட்டு அலைய வேண்டாம், சேரட்டும், மொத்தமாக வாங்கலாம் என்று அவளிடம் சொன்னேன். பத்தொன்பது மாதம் கழித்துப் போட்டேன். கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போட்டால்தான் அந்தத் தொகைக்கு வாரண்ட் கிடைக்கும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 144வது பிரிவு. எனக்குத் தெரியும், தேதியைத்தான் கவனிக்கவில்லை. முதல் ஏழு மாதத் தொகை, 17,500 ரூபாய், போய்விட்டது. அவள் என்னைத் திட்டவில்லை. "விடுங்கம்மா, நீங்க வேணும்னா செஞ்சீக" என்றாள். அந்தத் தொகையை என் கையிலிருந்து கொடுத்தேன், வாங்க மறுத்துப் பிறகு பிள்ளை பெயரில் போட ஒத்துக்கொண்டாள். அதற்கப்புறம் என் ஆபீஸில் ஜீவனாம்ச உத்தரவுகளுக்கென்று தனி நோட்டு. உத்தரவு வாங்கியவர்கள் நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள்: எந்த மாதம் எவ்வளவு வந்தது, எந்த வழியில் வந்தது. பத்து மாதம் தாண்ட விடாதீர்கள். அவன் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தால் கடன் தீர்ந்தது என்று ஊரில் சொல்வார்கள், தீராது. சிறை கொடுக்க வைப்பதற்காக. தொகை அப்படியே நிற்கும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வழக்குகள் வேறு மாதிரி. கணவன் துபாயிலோ சவூதியிலோ இருப்பான். பல குடும்பங்களில் மகளுக்கென்று வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து தங்குகிற வழக்கம் இருக்கிறது. பிரிவு வந்தால் பெண்ணும் பிள்ளையும் தெருவுக்கு வருவதில்லை, இருந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். இதை நேரில் பார்த்த பிறகுதான், பெண் பெயரில் ஒரு கூரை இருப்பது எவ்வளவு தைரியம் என்று எனக்குப் புரிந்தது. மற்ற ஊர்க்காரர்கள் எண்பது பவுன் போடுவதற்குப் பதிலாக இதைக் கொஞ்சம் யோசிக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்வேன். ஆனால் வெளிநாட்டில் இருக்கிறவனுக்குச் சம்மன் சார்வு செய்வது பெரும்பாடு. உறவு நன்றாக இருக்கும் காலத்திலேயே அவருடைய பாஸ்போர்ட், விசா நகல், கம்பெனி பெயர், தங்குகிற முகவரி வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். சந்தேகப்பட்டு வைக்கச் சொல்லவில்லை, அவருக்கு ஏதாவது ஆனாலும் இதே காகிதம்தான் தேவை. சிலர் வேண்டுமென்றே பழைய முகவரியைக் கொடுத்து எக்ஸ்பார்ட்டி, அதாவது எதிராளி வராமலேயே ஒருதலையாகத் தீர்ப்பு, வாங்கித் தரச் சொல்கிறார்கள். நான் எடுப்பதில்லை. நாளைக்கு அவர் வந்து எனக்குத் தெரியாமல் வாங்கியது என்று மனுப் போட்டால் தீர்ப்பு ரத்தாகும், அதற்குள் மறுமணம் நடந்திருந்தால் பழையபடி அந்த இருபது ரூபாய்ப் பத்திரக் கதைதான்.

கடல் கொண்டுபோனவர்களின் மனைவிகளைப் பற்றி எந்தச் சட்டப் புத்தகத்திலும் தனி அத்தியாயம் கிடையாது. உடல் கிடைக்கவில்லை என்றால் அவள் விதவையும் இல்லை, விவாகரத்தானவளும் இல்லை. ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் சட்டம் அவர் இறந்ததாக எடுத்துக்கொள்ளும், விவாகரத்துக்கும் அது ஒரு காரணம். அந்த ஏழு வருடம் எங்கிருந்து எண்ணப்படும் என்று காட்ட அன்றைக்கே போலீஸில் புகார் கொடுத்த ரசீதும், படகு போன டோக்கனும் வேண்டும். துக்கத்தில் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரராவது செய்து வையுங்கள். இலங்கைச் சிறையில் இருப்பவர்கள் கதை வேறு. நான் ஒரு பெண்ணுக்காக விவாகரத்து மனுப் போட்டிருந்தேன், அடித்த அடிக்கு ஆதாரம் எல்லாம் இருந்தது. வாய்தா அன்று எதிராளி வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்து எக்ஸ்பார்ட்டி ஆகிற நேரம், அவள் என் கோட்டைப் பிடித்து இழுத்து, "யாழ்ப்பாணத்துல புடிச்சு வச்சிருக்காகம்மா, சொல்லிடுங்க" என்றாள். சொன்னால் வழக்கு மாதக்கணக்கில் நீளும் என்றேன். "அவரு வரட்டும். நேருக்கு நேரா நின்னு கேட்டு வாங்கிக்கிறேன்" என்றாள். நான் எழுந்து நீதிபதியிடம் சொன்னேன். ஐந்து மாதம் கழித்து அவன் வந்தான், இவள் நேருக்கு நேராக நின்றாள், கேட்டதை வாங்கினாள்.

அடி உதை இருக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் குடியிருக்கும் உரிமை, செலவுக்குப் பணம், பிள்ளை பொறுப்பு எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதால் மட்டும் உங்களை வெளியே தள்ள முடியாது. இதை 2020ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அடிபட்ட அன்று பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், "கால் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். அங்கே தருகிற ஏஆர் காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) டாக்டர் எழுதுகிற ஒரு வரி என் பத்துப் பக்க வாதத்தைவிடப் பெரியது. மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்காமல் வராதீர்கள். அதே நேரம், கோபத்தில் குவைத்தில் இருக்கிற நாத்தனார், மதுரையில் படிக்கிற கொழுந்தன் வரைக்கும் எல்லோர் பெயரையும் வரதட்சணைப் புகாரில் சேர்க்கச் சொல்வார்கள். அங்கே இல்லாதவரைச் சேர்த்தால், அங்கே இருந்து அடித்தவனும் அந்த ஓட்டை வழியாகத் தப்பிப்பான். இதற்காக என்னோடு சண்டை போட்டு வேறு வக்கீலிடம் போன குடும்பங்கள் உண்டு, போகட்டும்.

போன் ஆதாரம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மனைவிக்குத் தெரியாமல் எடுத்த கால் விவரங்களை ஏற்க முடியாது என்று 2024ல் மதுரைக் கிளை ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தது விவாகரத்து வழக்கில் ஆதாரமாக வரலாம் என்றது. அதற்காக எல்லோரும் வீட்டுக்குள் ரெக்கார்டரை ஆன் செய்து வைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே உங்களுக்கு வந்த மிரட்டல் மெசேஜை அழிக்காதீர்கள், அந்தப் போனை விற்காதீர்கள், அவ்வளவு போதும்.

பணம் இல்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் எங்கே என்று கேட்டுப் போங்கள், ஆதார் அட்டையும் கல்யாணப் போட்டோவும் எடுத்துப்போங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். எட்டு வயதுப் பையன், அம்மாவிடம் இருக்கிறான். அப்பா விசைப்படகு ஓட்டுநர், இராமேஸ்வரம் தீவில். ஞாயிறுதோறும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அப்பா பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவு. வழக்கமாக எல்லா வழக்கிலும் எழுதுகிற வரி அது, நானும் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன், நான் அம்மா தரப்பு வக்கீல். மூன்று மாதத்தில் அம்மா வந்து அவன் பத்து மணிக்கு வருவதே இல்லை, வந்தாலும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான், பார்க்கிற உரிமையை ரத்து செய்யுங்கள் என்றாள். மனுவும் தயார் செய்தேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு சந்தேகம் வந்து அவன் எந்த நாள் கடலுக்குப் போகிறான் என்று கேட்டேன். சனிக்கிழமை காலையில் போகிற படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். ராத்திரி முழுக்கக் கண் விழித்து வலை இழுத்த மனிதன், மீனை இறக்கிவிட்டு, குளித்துவிட்டு, பஸ் பிடித்துப் பாலம் தாண்டி வருகிறான். தூங்காமல் என்ன செய்வான்? இந்தக் கடற்கரையில் பிறந்த நான் இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசினேன். அந்த அம்மாவை ஒத்துக்கொள்ள வைக்க இரண்டு வாரம் ஆனது. ஞாயிறு மாலை நாலு முதல் எட்டு வரை, படகு போகாத வெள்ளி சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் இரண்டு மணி நேரம் என்று மாற்றினோம். அப்புறம் தடைக்காலம் கோடை விடுமுறையோடு சேர்ந்து வருகிறதே என்று எனக்குத் தோன்றியது. படகு கரையில் பழுது பார்க்க ஏறியிருக்கும், அப்பா வீட்டில் இருப்பான், பையனுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. மே மாதத்தில் இருபது நாள் அப்பாவோடு இருக்கட்டும் என்று எழுதினோம். மெமோவில் "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்" என்று டைப் அடித்து, கையெழுத்துக்கு முன்னால் இருவருக்கும் படித்துக் காட்டினேன். அந்த அப்பா அதுவரை கோர்ட்டில் ஒரு வார்த்தை பேசாதவர். அப்போது கேட்டார்: "மொத 45 நாளா இருந்துச்சு, அப்பறம் 61 ஆக்குனாக. நாளைக்கு அரசாங்கம் தேதிய மாத்துனா எம்புள்ளைய பாக்க முடியாதா?"

அவர் கேட்டது நியாயம். 2016 வரை 45 நாள்தான். அந்த வரியை அடித்துவிட்டு, "அந்தந்த ஆண்டு அரசு அறிவிக்கும் தடைக்காலத்தில்" என்று மாற்றி மறுபடி டைப் அடிக்கக் கொடுத்தேன். அந்த அம்மா மாற்றிய வரியை ஒருதரம் படித்துப் பார்த்துவிட்டு, என் பேனாவை வாங்கி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.